அறுத்த காப்பு

2024 ஏப்ரல் 18, வியாழன். கோலா சிலாங்கூர் முதியோர் இல்லத்தில் வழக்கம்போல் காலையில் எல்லோரையும் குளிப்பாட்டினேன். மதியம் ஒரு மூதாட்டி இறந்துபோனார். உடன் வேலை செய்யும் பெண் தன் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டினாள்.

“அக்கா, திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருக்கேன் லா. பொணத்தத் தொடக்கூடாது.”

அந்த ஈர மஞ்சள் வாடை என்னை நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்கு இழுத்துப்போனது. அப்போது எனக்கு ஒன்பது வயது. என் வலிப்பு தீர வேண்டி அம்மா பால்குடத்துக்குக் காப்பு கட்டியிருந்தார். திருவிழாவுக்கு முதல்நாள், பக்கத்து வீட்டுச் செல்லம்மா புல்லுக்கு அடிக்கும் மருந்தைக் குடித்துச் செத்துப்போனார். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் எல்லார் கையிலும் காப்பு. குளிப்பாட்ட ஆளில்லை.

அம்மா பால் வெட்டும் கத்தியால் தன் காப்பை அறுத்தார்.

“அண்ணி, புள்ளைக்கு நேந்துகிட்டதாச்சே!” என்று அத்தை அலறினார்.

“ஆத்தா கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். வாயெல்லாம் நுரையோட இவள எப்புடி அனுப்புறது?”

செல்லம்மாவின் வாயைத் துடைத்து, பச்சைக்குழந்தைக்கு ஊற்றுவதுபோல் அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் சாமிக்குச் செய்ய வேண்டியதும் இதுதான் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

மூதாட்டியை நானே குளிப்பாட்டினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, நாற்பது வருடமாகப் போடும் வலிப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு, இல்லத்தில் எல்லோருடைய குளியலுக்கும் வெந்நீர் வைத்தேன்.