மூன்றாவது ஷோகேஸ்

1. வெறும் மேசை விரிப்பு

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து மூன்றாவது வருடம், நுவரெலியாவில் ஒரு பெரிய கடையில் சேல்ஸ்மன் வேலைக்குச் சேர்ந்தேன். உடம்பு தேறுவதற்காக வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஊர் அது. கடையும் அவர்களுக்காகக் கட்டியதுதான். தொப்பி, கம்பளிச் சட்டை, பிஸ்கட் டின், துரைசாணிகளுக்குக் கவுன் துணி. தேயிலைத் தோட்டத்து ஆட்களை முன்வாசலில் நிற்கவிடக் கூடாது என்பது முதல் நாளே மேனேஜர் துரை எனக்குச் சொன்ன ஒழுங்கு. பலகை ஏதும் எழுதி வைத்திருக்கவில்லை. வாய்ச்சொல்தான்.

ஆனாலும் நின்றார்கள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் டவுனுக்கு வருவார்கள். கடையின் முன்பக்கம் ஐந்து ஷோகேஸ்கள். அவர்கள் மூன்றாவதன் முன்னால் மட்டும் ஒருவர் பின் ஒருவராக நின்று பார்ப்பார்கள். நான் உள்ளேயிருந்து, நகரும்படி கையைக் காட்டுவேன்.

அங்கே ஒரு மேசை விரிப்பைத் தவிர எதுவும் இல்லை. தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள்தான் லயம்; மேசையே இல்லாத அங்கே விரிப்பு எதற்கு? அதை எடுத்து முதல் ஷோகேஸுக்கு மாற்றினேன். மூன்றாவது காலியாகக் கிடந்தது. அடுத்த சனிக்கிழமையும் அதே இடத்தில்தான் நின்றார்கள். இரண்டு மாதமாக எனக்கு இதே யோசனை.

ஒரு நாள் துரை சாப்பிடப் போன நேரம், வெளியே போய் அந்த இடத்திலேயே நின்று பார்த்தேன். கவுன் போட்டுப் பார்க்க வைத்திருந்த ஆள் உயரக் கண்ணாடி உள்ளே நேர் எதிரே இருந்தது. அதற்குள் தலை முதல் கால் வரை நான் நின்றேன்.

"பாத்துட்டீங்கன்னா கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றது பின்னால் ஒரு குரல். நாற்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். பெயர் செல்லாயி.

"இதத்தான் எல்லாரும் பாக்குறீங்களாக்கா?"

"ஆமாங்க. லயத்துல கையகலக் கண்ணாடிதானே. மூஞ்சி தெரியும். பொடவை பின்னால எப்படி விழுதுன்னு மத்தவ சொன்னாத்தான் உண்டு."

என்ன துணிச்சலோ, உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அவர் திரும்பி நின்று, தோளுக்கு மேலாகத் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது துரை வந்துவிட்டார். செல்லாயி முந்தானையை இழுத்துக்கொண்டு வெளியே போனார். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தோம். அடுத்த சனிக்கிழமை பெண்கள் வந்து, பார்த்து, போய்விட்டார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் வரவில்லை.

2. ஏலத்துக்குப் போகாத சாமான்

சில வருடங்களில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறின. ஹட்டனில் துணி வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் முதலாளி கட்டடத்தை வாங்கினார். நடுவில் நடைபாதை விட்டு, பன்னிரண்டு கடைகளாகப் பிரித்தார். என்னையும் தன் துணிக்கடையில் வைத்துக்கொண்டார். மேசை, அலமாரி என்று பழைய தளபாடமெல்லாம் ஏலத்துக்குப் போவதாக ஏற்பாடு. பட்டியலில் கண்ணாடியும் இருந்தது.

"தொரைமாரு போயிட்டாங்க. பன்னெண்டு கடைக்கும் ஆளு எங்கேருந்து தம்பி வரும்?" என்றார் ஒரு நாள்.

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தூறலில் இறங்கிப்போய் மூன்றாவது ஷோகேஸ் முன்னால் நின்றார். கண்ணாடியைத் திருப்பி வைக்கும்படி சைகை காட்டினார். வெகுநேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "பட்டியல்ல அத அடிச்சிடுங்க. நடைபாதையில வைங்க, எல்லாக் கடைக்கும் பொதுவா" என்றார்.

திறந்த முதல் சனிக்கிழமை, கதவு விரியத் திறந்திருந்தும் பெண்கள் வெளியேதான் நின்றார்கள். அவர்களில் செல்லாயியைக் கண்டு நான் இறங்கிப் போனேன்.

"உள்ள வாங்கக்கா."

"தொரை திட்டமாட்டாரா?"

"தொரை இல்லக்கா. இப்ப நம்ம ஆளுங்கதான்."

அவர் படியேறினார். பின்னால் ஆறேழு பேர் வந்தார்கள். தோட்டத்துக்கென்று முதலாளி வரவழைத்திருந்த மட்டரகப் பழுப்புப் புடவையொன்றைச் செல்லாயி தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாங்க. அந்த மேல்தட்டு மஞ்சள எடுங்க."

மற்றவர்களும் பழுப்பைத் தொடவில்லை. முதலாளி என் காதருகில், "தோட்டத்துக்கு இந்தக் கலருதான் போகும்னு இருவது வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். அடுத்த கொள்முதலுக்குக் கொழும்பு போகும்போது, செல்லாயி சொன்ன நிறங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போனார்.

3. கேட்காமல் விட்டது

கடை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கவுன்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர்களுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்காதீர்கள். கேளுங்கள். நான் இரண்டு மாதம் கையைக் காட்டி விரட்டினேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் சனிக்கிழமையே தெரிந்திருக்கும்.

நான் கேட்காமல் விட்டவர்களில் என் அம்மாவும் ஒருவர். நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். புதுக்கடை திறந்த அந்த வருடம் தீபாவளிக்கு முன்பு அவரை பஸ்ஸில் கூட்டி வந்து கண்ணாடி முன் நிறுத்தினேன். புடவையைக்கூட அவர் கவனிக்கவில்லை. பக்கத்தில் நின்ற என்னையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் இம்புட்டு ஒயரமாடா?" என்றார். "குள்ளச்சின்னுல்ல ஒங்கப்பா சொல்லிக்கிட்டிருந்தாரு."