இருபது குண்டுமணி

கருவடிக்குப்பத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் அப்போது ஆயா வேலை பார்த்தேன். பக்கத்து மேட்டுப்பாளையம் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுப் போவார்கள். புதிதாக ஒரு டீச்சர் வந்தார், சின்ன வயசு. பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம், பிள்ளைகள் மண்ணையும் இலையையும் தொட்டு மோந்து விளையாடட்டும் என்று தினமும் ஒரு கூடை கொண்டுவருவார். தேங்காய் நார், வேப்பங்கொத்து, கிளிஞ்சல், ஈர மணல்.

எனக்கு அந்தக் கூடைமேல் நம்பிக்கையே இல்லை. ஆனால் நான் ஐந்தாவதோடு நின்றவள். படித்து வந்தவரிடம் வாய் திறக்கக் கூச்சம். அவர் அந்தப் பக்கம் போனதும் கிளறிப் பார்த்து, கூரான கிளிஞ்சலை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வேன்.

“ஆயாம்மா, நேத்து பத்து கிளிஞ்சல் வெச்சேன். காக்கா தூக்கினு போச்சா?”

“தெரியலீங்க டீச்சர்.”

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின வாரம் கூடையில் களிமண்ணும், கண் வைக்கக் குண்டுமணியும் வந்தன. எங்கள் ஊரில் மாட்டைக் கொல்ல அதைத்தான் அரைத்து வைப்பார்கள். முழுசாகப் போனால் தப்பிக்கலாம், கடிபட்டால் விஷம். மெல்லச் சொன்னேன். டீச்சர் சிரித்துவிட்டார்.

“எல்லார் வூட்லயும் சாமிக்கு வெக்கிறதுதான ஆயாம்மா!”

நான் எண்ணி வைத்துக்கொண்டேன். இருபது. பெரிய பிள்ளைகள் பிள்ளையார் பிடித்தார்கள். பத்து மாதப் பையன் ஒருவன் அவர்களுக்கு நடுவில் தவழ்ந்தான். கையில் கிடைத்தது வாய்க்குப் போகும் அவனுக்கு. சாயங்காலம் பிள்ளையார்களை உடைத்து, கண்களை எடுத்துவிட்டு, மண்ணை உருட்டி வைத்த பிறகு எண்ணினேன். பத்தொன்பது.

பாயை உதறினேன். பையன் வாயில் விரலை விட்டுத் துழாவினேன். இரண்டு பல்லால் கடித்தானே தவிர ஒன்றும் இல்லை. முழுங்கிவிட்டானோ? அதற்குள் அவன் அம்மா வந்து கையை நீட்டினாள். நான் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டேன்.

“இப்ப எடுத்துனு போவாதம்மா. ஒரு குண்டுமணி காணும்.”

“இன்னா சொல்ற ஆயாம்மா? எம்புள்ள துன்னுட்டானா?”

“நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க,” என்றார் டீச்சர்.

“தப்பா எண்ணலை. அந்த மண்ண உடைங்க. அதுல இல்லன்னா நேரா ஆஸ்பத்திரிதான்.”

அவ்வளவு சத்தமாக நான் அங்கே பேசியதே இல்லை. டீச்சர் உட்கார்ந்து மண்ணைப் பிய்த்தார். அந்தத் தாயும் கம்பெனி உடுப்போடு உட்கார்ந்து பிய்த்தாள். பாதி மண் தீர்ந்தபோது டீச்சர் விரலில் சிவப்பாக ஒன்று தட்டுப்பட்டது. வாங்கி, கழுவி, வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தேன். கீறல் இல்லை. அப்புறம்தான் பிள்ளையைக் கொடுத்தேன்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். டீச்சர் இருபதையும் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“அத்த எங்க கொட்டுவீங்க டீச்சர்?”

“வூட்டுப் புள்ளையாருக்கு ஆவும்.”

“உங்க வூட்ல சின்னப் புள்ள இருக்குதா?”

டீச்சர் கைப்பையைத் திறந்தார். “அக்கா கொழந்த இருக்குது,” என்று பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். அவர் எதிரிலேயே கக்கூசில் கொட்டி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன்.