இலக்கம் சொல்லாத சிவப்பு லைற்

எங்கள் அடுப்படி வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு லைற் இருந்தது. பொழுதுபட்டால் அதைப் போட்டுவிடுவேன். போன கிழமை அதன் பல்ப் எரிந்துபோனது. “நல்லதாப் போச்சு, இனிக் கண் கூசாது” என்றார் இவர். இவர் என்றால் என் வீட்டுக்காரர். முழங்கால் நோவினால் கடலுக்குப் போவதை விட்ட நாளிலிருந்து வீட்டிலுள்ள எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கிறவர். எனக்கோ அந்த லைற்றை எங்கள் கரைக்குக் கொண்டுவந்த இஞ்சினியர் அக்காவின் முகம்தான் உடனே கண்முன் வந்து நின்றது.

அப்போது நான் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் வேலை பார்த்தேன். வள்ளங்களுக்கு ஆபத்து என்றால் கரைக்கு அறிவிக்கும் கருவியைப் பொருத்துவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா வந்தார். மெலிந்த தேகம், கையில் ஆம்பிளைகள் கட்டும் பெரிய மணிக்கூடு, யார் பகிடி விட்டாலும் கொஞ்சம் யோசித்த பிறகே சிரிக்கிற சுபாவம். ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டினார். சுவிச்சைப் போட்டால் அந்தப் பெட்டி வள்ளத்தின் இலக்கத்தை நீளமும் குட்டையுமான துடிப்புகளாக வானலையில் திரும்பத் திரும்ப அனுப்பும். ஒவ்வொரு முறையும் முதலில் மிக நீளமான துடிப்பு ஒன்று வரும். இனித்தான் இலக்கம் வருகிறது என்பது அதன் அர்த்தம். சங்கத்தில் என் மேசைமேல் இருந்த பெரிய பெட்டி அந்த நீளங்களை அளந்து இலக்கத்தைக் காட்டும்.

ஒத்திகைக்கு இவரைத்தான் கடலுக்கு அனுப்பினோம். இவருடைய வள்ளம் ஐந்தாம் இலக்கம். பெட்டியோ பதினொன்று என்று காட்டியது. பதினொன்று சங்கத் தலைவருடைய வள்ளம். அது கரையில் கவிழ்த்துப் போட்டபடி கிடந்தது. அதன் அடியில் கோழிகள் குந்தியிருந்தன. “தலைவற்றை வள்ளம் மணலுக்குள்ளை தாழுது, ஓடி வாங்கோ!” என்று ஆளுக்காள் கத்திச் சிரித்தார்கள். அக்கா யோசித்த பிறகும் சிரிக்கவில்லை.

மறுநாள் இவருடைய வள்ளத்தில் தானும் ஏறிப்போய்ப் பார்த்தபோதுதான் சங்கதி பிடிபட்டது. எங்கள் ஆட்கள் கடலில் ஒருவரையொருவர் கூப்பிடுவது ரோச் லைற்றால். போட்டு நூர்த்து, போட்டு நூர்த்து, எரிவதும் அணைவதுமாக வெட்டினால் ‘இங்கே வா’ என்று அர்த்தம். இவர் பெட்டியின் சுவிச்சையும் அப்படியே வெட்டியிருக்கிறார். அனுப்பிக்கொண்டிருந்த இலக்கம் நடுவில் அறுந்துவிட்டது. கரைப் பெட்டி அந்த நீளமான முதல் துடிப்பைக் கவனிக்காமல், அறுந்த துண்டையும் அடுத்ததன் தலையையும் சேர்த்து ஒரே இலக்கமாக வாசித்துவிட்டது. “அளந்ததிலை பிழை இல்லை. எங்கை தொடங்கிறது எண்டதிலைதான் பிழை. அதாலை பிழை எண்டே தெரியாமல் போகுது” என்றார் அக்கா.

வள்ளத்துப் பெட்டிகள் உப்புத்தண்ணீர் போகாதபடி ஒட்டி மூடியவை. அவற்றைத் திறக்க வழியில்லை. ஆகவே கரைப் பெட்டியைத்தான் மாற்றினார். அந்த நீளமான முதல் துடிப்பு கேட்காவிட்டாலோ, இடையில் அரைகுறையாக ஒன்று வந்தாலோ இனி அது இலக்கம் காட்டாது. அவர் புதிதாகப் பூட்டிய சிவப்பு லைற் மட்டும் எரியும். தலைவருக்கு இது பிடிக்கவேயில்லை.

“இலக்கம் சொல்லாத பெட்டி எங்களுக்கு என்னத்துக்குப் பிள்ளை?”

“தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லட்டும், அண்ணை. பொய் இலக்கம் சொன்னால் பிறகு ஒருத்தரும் தேடமாட்டியள்.”

சுவிச்சைப் போட்டால் போட்டபடி விடவேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் ஓம் என்றார்கள். பழகின கை கேட்கவேண்டுமே!

சோழகக் காற்று திடீரென்று முறுகிய ஒரு பின்னேரம் அந்தச் சிவப்பு லைற் எரிந்தது. இலக்கத்தின் இடம் வெறுமையாகக் கிடந்தது. இவர் கடலில். மாதாவே, ஏதாவது ஒரு இலக்கத்தைக் காட்டு என்று பெட்டியின் தலையில் அடித்தேன். ஐந்தைத் தவிர எந்த இலக்கம் வந்திருந்தாலும் அந்த நேரம் கும்பிட்டு ஏற்றிருப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்த அக்காவுக்குப் போன் எடுத்து அழுதேன். “பெட்டியைப் பாக்காதையும், கரையைப் பாரும். எந்தெந்த வள்ளம் வரேல்லை எண்டு பாத்து, அவ்வளவையும் தேடச் சொல்லும்” என்றார். ஓடிப்போய்ச் சொன்னேன். அவ்வளவு நாளும் அந்தப் பெட்டியைத் திட்டிய தலைவர்தான் முதல் ஆளாக, கையில் அகப்பட்ட வள்ளத்தில் பாய்ந்து ஏறினார். வராத வள்ளங்கள் போன திசையெல்லாம் ஆட்கள் போனார்கள். இருட்ட முன்னர் இவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கவிழ்ந்த வள்ளத்தைக் கட்டிப்பிடித்தபடி மிதந்திருக்கிறார். “தண்ணி ஏறேக்கை பதட்டத்திலை ரோச் மாதிரி வெட்டிப்போட்டன்” என்று நடுங்கிக்கொண்டே சொன்னார்.

பிறகு ஒருநாள் அக்கா வந்து என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். பெட்டியில் பதிவாகியிருந்த அந்தத் துடிப்புகளைப் பழைய முறைப்படி வாசித்துப் பார்த்தாராம். பதினொன்று என்று வந்ததாம். தலைவருடைய வள்ளம் அன்றைக்கும் கோழிகளோடு கரையில்தான் கிடந்தது. பழைய பெட்டியாக இருந்திருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். “இதை அவருக்குச் சொல்லாதையும். கடலுக்குப் போற மனுசன், இதை நெஞ்சிலை வைச்சுக்கொண்டு போக ஏலாது” என்றார் அக்கா.

இப்போது எல்லோரிடமும் போன் இருக்கிறது. யார் எங்கே நிற்கிறார் என்று அதிலேயே பார்க்கிறார்கள். சங்கத்தில் கருவியைக் கழற்றியபோது லைற்றை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். அக்கா வெளிநாடு போய்விட்டார். எந்த நாடு என்றும் தெரியாது. அவர்மேல் நான் எவ்வளவு பட்சமாக இருந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ, அதுவும் தெரியாது.

பல்ப் எரிந்துபோன மறுநாள் காலை, இவர்தான் இனிக் கடலுக்குப் போவதில்லையே என்று எல்லாவற்றையும் சொன்னேன். பதினொன்று என்றதும் வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணியைக் கீழே வைத்தார். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பின்னேரம்தான் திரும்பி வந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி. “இஞ்சை நாரந்தனைக் கடையளிலை சிவப்பு பல்ப் இல்லையாம். யாழ்ப்பாணம் போனனான்” என்றார். நான் தடுக்கத் தடுக்க, நோவுற்ற காலோடு கதிரையில் ஏறித் தானே பூட்டினார். இறங்கி வந்து சுவிச்சைப் போட்டார். லைற் எரிந்தது. சுவிச்சில் வைத்த விரலை அவர் எடுக்கவேயில்லை.