மூன்றாவது வரி

கடைக்கு வருகிறவர்கள் அவரைக் கையேட்டு அண்ணன் என்பார்கள். பிரிண்டர் பழுது பார்ப்பது பிழைப்பு. படம் வரையும் இலவச மென்பொருள் ஒன்றுக்குத் தமிழ்க் கையேடு எழுதுவதுதான் உயிர். யார் வேண்டுமானாலும் இணையத்தில் அதைத் திறந்து திருத்தலாம். யாரும் திருத்தவில்லை. புதுக் கை ஒன்றாவது சேராவிட்டால் அடுத்த பதிப்பில் தமிழ் கிடையாது என்று மென்பொருள் குழு கெடு வைத்துவிட்டது.

"புதுசா வர்றவங்க விதிமுறையைப் பாத்தே மிரண்டு ஓடுறாங்க தம்பி," என்றார், கடையில் வேலை பார்க்கும் என்னிடம். கையேட்டின் தொடக்கத்தில் இருந்த நாற்பது பக்க விதிமுறையை வெட்டி வெட்டி மூன்றே வரிக்குக் கொண்டுவந்தார்:

பக்கத்தைத் திறக்கவும்.
பிழையைத் திருத்தவும்.
திருத்தியதை அழிக்கவும்.

கூட்டம் குவிந்தது. "ரொம்ப சுலபம் அண்ணா!" என்று செய்தி மேல் செய்தி. திருத்தம் மட்டும் ஒன்றுகூட வந்து சேரவில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். விதியை மதிக்கத் தெரிந்தவன். மூன்று பத்தி எழுதி, முறைப்படி, சுவடே இல்லாமல் அழித்தேன்.

கடைசி வரி யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது என்று அண்ணன் அதைச் சிவப்பாக்கினார். எல்லோரும் இன்னும் மும்முரமாக அழித்தார்கள்.

கெடு முடியும் நாளில் அவர் மனைவி சாப்பாட்டு டப்பாவோடு கடைக்கு வந்தார்.

"அண்ணி, நீங்களாச்சும் ஒண்ணு திருத்தக் கூடாதா?" என்றேன்.

"போன வாரமே திருத்தினேனே! மூணாவது வரியில 'அளிக்கவும்'னு வர வேண்டியது 'அழிக்கவும்'னு இருந்துச்சு. மாத்தினேன்."

அண்ணன் கையில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது. "அப்புறம்?"

"அப்புறம் என்ன? நீங்க சொன்ன மாதிரி அழிச்சுட்டேன்."

"தப்புன்னு தெரிஞ்சும் ஏம்மா அழிச்சே?"

"சிவப்புல வேற போட்டிருந்தீங்களே, நான் என்னத்தைக் கண்டேன்!"

அண்ணன் கீபோர்டு மேல் பாய்ந்தார். அண்ணி அவர் கையைத் தட்டிவிட்டார். "நகருங்க. நீங்க திருத்தினா பழைய கைதானே? அவங்க கேட்டது புதுக் கை."

ஒற்றை விரலால் ஓர் எழுத்தை மாற்றி, அளித்தார். மாலைக்குள் குழுவிடமிருந்து பதில் வந்தது: புதியவருக்கு வரவேற்பு, தமிழ் நீடிக்கும்.

மறுநாள் வேறொரு புதியவரின் திருத்தம் வந்தது. அண்ணியின் 'ளி'யை அவர் மறுபடி 'ழி' ஆக்கியிருந்தார். காரணம்: 'ழகரமே தமிழுக்குச் சிறப்பு.'

"இந்த ஆளை யாரு தம்பி உள்ள விட்டது?" என்று பொங்கினார் அண்ணி.

"நீங்கதான் அண்ணி," என்றேன்.