மூலையைத் தின்னாத மெஷின்

அளவு எடுக்கலாம், வெட்டலாம், ராத்திரி பகல் மிதிக்கலாம், ஆனால் எந்த மெஷினை மிதிப்பது என்று சொல்ல மட்டும் தையல்காரிக்கு வாய் கிடையாது. இதுதான் எங்கள் தொழில். மிதித்து மிதித்துக் கணுக்கால் வீங்கிய சகோதரிகளே, உங்களுக்கும் இது நடந்திருக்கும்.

நான் ஆரணியில் பட்டுத் துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிறவள். படிப்பு எட்டாவது வரை. வீட்டுக்காரருக்குத் தறி வேலை. நெய்யும்போது பழுதான சேலை, ரவிக்கை வெட்டி மீந்தது, மாதிரிக்கு நெய்தது எல்லாம் ஜவுளிக் கடையில் மூட்டையாகக் கிடக்கும். அதை முக்கோணமாக வெட்டி, மூலைக்கு மூலை பொருத்தித் தைப்பேன். அடியில் பழைய வேட்டி, நடுவில் பஞ்சு, மேலே இந்தப் பட்டு. மூன்றையும் சேர்த்து வரி வரியாகத் தையல் ஓட்டினால் தொட்டில் பிள்ளைக்குப் போர்வை. நான் சொல்லப்போவது எழுபத்தெட்டு வாக்கில் நடந்தது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மூன்று பிள்ளைகளும் இன்று தலைக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஓட்டைக்கு ஒரு பொட்டு

என்னிடம் முதலில் இருந்தது ஒரு மிதி மெஷின். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என் கொழுந்தனார் சேகர் வந்திருந்தார். களம்பூர் ரைஸ் மில்லில் வேலை. அதனால் இயந்திரம் என்றால் அவரைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் எதுவும். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது அவரே மெஷினுக்கு அலங்காரம் செய்துவிட்டார். மெஷின் தலையில் அங்கங்கே சின்ன ஓட்டைகள் இருக்கும், எண்ணெய் விடுவதற்கு. அவர் அதைப் பொட்டு வைக்கும் இடம் என்று நினைத்து, ஒன்று விடாமல் சந்தனத்தை அழுத்தி, மேலே குங்குமம் வைத்திருந்தார். விளக்கில் மீந்த நல்லெண்ணெயை, அடிநூல் சுற்றியிருக்கும் பாபின் பெட்டிக்குள் ஊற்றியிருந்தார்.

பத்து நாளில் சந்தனம் சிமெண்டாகிவிட்டது. நல்லெண்ணெய் பிசின் பிடித்துப்போய், மண்ணெண்ணெய் விட்டும் சக்கரம் அசையவில்லை. ரிப்பேர்காரர் மெஷின் தலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது போய்விட்டதம்மா என்றார். நான் தாழ்ந்த குரலில்தான் சேகரிடம் விவரம் சொன்னேன். தினமும் விளக்கேற்றி, வெள்ளிக்கிழமை விரதம் இருந்து, வருஷம் தவறாமல் படவேட்டு அம்மனைப் பார்த்துவருகிற என்னைப் பார்த்து அவர் சொன்னார்: "சாமிக்கு வெக்கிற சந்தனம் மெஷினைக் கெடுக்குமா அண்ணி? நீங்க பக்தி இல்லாம மிதிச்சிருப்பீங்க."

தலையணைக்காரர்

அந்த நேரம் பார்த்துத்தான் ஜவுளிக் கடை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். மெட்ராஸில் ஒரு பெரிய கடையில் பட்டுப் போர்வை கேட்கிறார்களாம். பொங்கலுக்குள் நான் ஒன்று தைத்துக் காட்டினால், மாதா மாதம் விழுகிற துண்டு மூட்டை முழுக்க எனக்கு. இல்லையென்றால் அத்தனையும் தலையணை அடைக்கிறவருக்குப் போய்விடும். பூச்சி பூச்சியாய்ப் பட்டு நூற்று, சாயம் தோய்த்து, என் வீட்டுக்காரரைப் போல நூறு பேர் தறியில் உட்கார்ந்து நெய்தது, கண்ணுக்கே தெரியாமல் ஒரு தலையணைக்குள் கிடந்து நசுங்குவதா?

மெஷின் இல்லை, ஒரு மாதம் தள்ளிக் கொடுங்கள் என்று கேட்டேன். முதலாளி பேசுவதற்கு முன்னால் கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்: "தலையணைக்காரருக்கு மெஷின்லாம் தேவையில்லம்மா. பஞ்சு குத்தற மாதிரி குத்திட்டுப் போய்ட்டே இருப்பார், ஒரு குச்சி போதும் அவருக்கு."

ஒரு கை, இரண்டு கை

தேசூரில் ஒரு கை மெஷின் இருக்கிறது, வீட்டுப் பெண்களுக்கு அதுதான் அடக்கம் என்று சேகர் சொன்னார். நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஏறிப் போனோம். வெள்ளைக்காரன் காலத்து மெஷின். பாபின் வட்டமாக இல்லாமல் படகு மாதிரி நீளமாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது, தையல் கடுகு கோத்த மாதிரி அழகாக விழுந்தது. இரண்டு முக்கோணத்தைச் சேர்க்க அதைவிட நல்ல மெஷின் இல்லை.

ஆனால் வலது கை சக்கரத்தைச் சுற்றப் போய்விட்டால், துணிக்கு மிச்சம் ஒரு கைதானே? வேட்டி, பஞ்சு, பட்டு என்று மூன்று அடுக்கை ஒரு கையால் நகர்த்தினால் பட்டு ஒரு பக்கம் போகிறது, பஞ்சு ஒரு பக்கம் போகிறது. இதை விற்கிறவரிடம் சொன்னேன். என் மகள் ஆறாவதில் வகுப்புக்கே முதலாவதாக வந்திருந்த வருஷம் அது. அந்த மனுஷன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அதுக்கு இன்னாம்மா, இன்னொரு கைக்கு உன் பொண்ணை உக்கார வெச்சிக்கோ. அது படிச்சி இன்னா கிழிக்கப் போவுது?"

திரும்பும் வழி முழுக்க, அவர் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள முயன்றுகொண்டே வந்தேன். வந்தவாசி தாண்டியும் வேண்டுதல் வாயில் வரவில்லை.

பச்சை மெஷின்

அடுத்தது எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே. வெளிநாட்டில் இருந்து ஒருவர் கொண்டுவந்த மெஷின், கிளிப்பச்சை நிறம். ஊசி இடம் வலம் நகர்ந்து அலை அலையாகத் தைக்கும். தெருவே கூடிவிட்டது. சேகர் தினத்தாளை நாலாக மடித்துத் தைத்துப் பார்த்து, ஆஹா என்றார். எங்கள் பக்கத்தில் மெஷின் வாங்குகிறவர்கள் எல்லாரும் பேப்பரில்தான் தைத்துப் பார்க்கிறார்கள். யார் பேப்பரைக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நான் சுருக்குப் பையில் இருந்து இரண்டு பட்டு முக்கோணத்தை எடுத்து, கூர் மூலையை முதலில் விட்டேன். என் வேலையில் எல்லாத் தையலும் மூலையில்தான் தொடங்கும். ஊசி இரண்டு பக்கமும் போய்வர வேண்டும் என்று, அதன் அடித்தகட்டில் நீளமாகத் துளை போட்டிருந்தார்கள். ஊசி இறங்கியது, பட்டு மூலையையும் கூட இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. சக்கரம் இறுகிப்போய், கத்தரித்துத்தான் எடுத்தேன். இன்னொரு ஜோடி விட்டேன். அதையும் தின்றது. நான் வேண்டாம் என்றதும், இதற்கு மேல் என்ன வேண்டுமாம் என்று கூட்டத்தில் என்னைப் பேராசைக்காரி போலப் பார்த்தார்கள். சேகர் எனக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்: "மூலையில இருந்து யாராவது ஆரம்பிப்பாங்களா அண்ணி? நடுவுல இருந்து தெச்சிகினு வாங்க, பேஜார் இருக்காது."

மூன்றாவது

மார்கழி பிறந்துவிட்டது. விடிகாலையில் கோலம் போட்டுவிட்டு, தாயே, எனக்கு அழகு வேண்டாம், மூலையைத் தின்னாத ஒன்றைக் காட்டு என்று கேட்டேன். அந்த வாரமே, கடையைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு தையல்காரர் வீட்டில் அதைப் பார்த்தேன். கருப்பு மிதி மெஷின். தங்கப் பூவெல்லாம் கை பட்டு அழிந்து, இரும்புக் கால் துருவேறி, சேகர் முகத்தைச் சுளிக்கும்படி இருந்தது. அடித்தகட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரே ஒரு பொடித் துளை. மூலையை விட்டேன். நேராகப் போய் மறுபக்கம் வந்தது. தலையில் இருந்த, துணியை அழுத்தும் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, மூன்று அடுக்கையும் விட்டேன். முனகாமல் போனது. மெஷின் கைக்கு உள்பக்கம் இடமும் தாராளம், போர்வையைச் சுருட்டி நுழைக்கலாம். இரண்டு கையும் எனக்கே மிச்சம்.

இதுதான் வேண்டும் என்று சொன்னேன். சேகர், பச்சை மெஷினை விட்டுவிட்டு இந்தத் துருவையா என்று ஆரம்பித்தார். ஒரு தரம் சொன்னால் போதாதா? சத்தமாகவே மறுபடியும் சொன்னேன். தையல்காரரோ அத்தனை நேரம் என் தையலைப் பார்த்திருந்தும், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வாசலுக்குப் போனார். அங்கே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரரிடம், அம்மா கேட்கிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். வாழ்க்கையில் அதிகம் பேசாத என் வீட்டுக்காரர் சொன்னார்: "அவ கால்தானே மிதிக்கப் போவுது. என்னை எதுக்கு கேக்கற?"

பாராட்டு

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் போர்வை முடிந்தது. கடையில் முதலாளி அதை மேஜை மேல் விரித்துப் போட்டார். எட்டு முக்கோணத்தின் கூர் முனைகள் ஒரே புள்ளியில் வந்து சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார், பிறகு புரட்டிப் பார்த்தார். பட்டு தலையணைக்குப் போகாது, மூட்டை இனி உங்களுடையது என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மனை நினைத்துக்கொண்டு நின்றேன்.

கணக்குப்பிள்ளை காபிக்குச் சொல்லி அனுப்பினார். காபி ஒன்றுதான் வந்தது. அதை, கூடவே வந்திருந்த என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மெஷினை நல்லா பார்த்து எடுத்திருக்கீங்க. என்ன இருந்தாலும் அதுக்கு ஆம்பிள கண்ணு வேணுங்க."

இவர் மறுக்க வாயைத் திறந்தார், உண்மைதான். ஆனால் காபி சூடாக இருந்ததால் முதலில் அதைக் குடித்தார். அதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

மெஷின் தெரிந்தவர்

எண்பதுகளில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பழைய மெஷின் வாங்க வேண்டும், அண்ணனைக் கேட்க வேண்டும் என்று. இவர் அவர்களை உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து என்னைக் கேட்பார். நான் சொன்னதை வெளியே போய் அப்படியே சொல்வார். நீங்களே அவளைக் கேளுங்கள் என்று பல தரம் சொல்லியும் பார்த்தார். அடக்கமான மனுஷர் என்று அவருக்கு இன்னும் பேர் கூடியதுதான் மிச்சம்.

ஒரு நாள் படவேட்டில் இருந்து ஒரு அம்மா, கல்யாணத்துக்கு இருக்கும் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். நான் அந்தக் கருப்பு மெஷினில்தான் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தேன். மடியெல்லாம் முக்கோணம். இவர் தறியில் இருந்தார். என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள், நான் சொல்கிறேன் என்று மெஷினை நிறுத்தினேன். அந்த அம்மா மரியாதையாகத்தான் சொன்னாள்: "இருக்கட்டும்க்கா, நீங்க தெச்சிகினு இருங்க. அண்ணன் வரட்டும், மெஷின் விஷயம் அவருக்குத்தான் தெரியுமாமே."

ஒரு மெஷின் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு பட்டு முக்கோணம் போதும், அதைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று ஊரை நம்ப வைக்கும் மெஷினை மட்டும் இன்னும் யாரும் விற்பனைக்குக் கொண்டுவரவில்லை.