நர்ஸம்மாவின் மொட்டைப் பாட்டில்கள்

“வலிக்காதுடா, கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று சொல்லிக்கொண்டே லேபிளின் ஒரு மூலையை நகத்தால் கிளப்புகிறாள் நர்ஸம்மா. எதிரில் இருப்பது நோயாளி இல்லை, காலி வைன் பாட்டில். ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் பிளாஸ்திரி உரித்துப் பழகிய வாய். எதை உரித்தாலும் ஆறுதல் சொல்லாமல் இருக்காது.

குளியலறையில் சின்ன ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் ஒரு பிளாஸ்டிக் டப் நிறையச் சுடுதண்ணீர், அதில் சலவை சோடா. பாட்டில்கள் கழுத்தளவு மூழ்கிக் கிடக்கின்றன. டியூட்டி முடிந்து வந்தால் முதலில் இங்கேதான், காபிகூட அப்புறம்தான். மாடிப்படிக்குக் கீழே பெரிய கண்ணாடி ஜாடிகளில் அவள் போட்ட திராட்சை வைன் தெளிந்து நிற்கிறது. அதை ஊற்றி வைக்கத்தான் இந்தப் பாட்டில்கள்.

பாட்டில் வருவது தெருமுனை ரெஸ்டாரண்டிலிருந்து. சாக்குப் பையில் போட்டு அவளே தூக்கி வருவாள். நடக்க நடக்கக் கிணுகிணுவென்று சத்தம். தெருவே எட்டிப் பார்க்கும். அவள் கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர், ஒரு மடக்கு உள்ளே போனாலே கொட்டாவி விடுகிற ஆள். “குடிக்காமலே குடிகாரன்னு பேர் வாங்கிக் குடுத்துட்டாளே புண்ணியவதி!” என்று புலம்புவார். “பேருதானே, இருந்துட்டுப் போகுது. அந்தக் கெட்டிலை எடுத்துட்டு வாங்க” என்பாள் இவள்.

லேபிளில் காகித ரகம் பரம சாது. ஊறினால் தானாகவே சட்டையைக் கழற்றிவிட்டு மிதக்கும். ஸ்டிக்கர் ரகம்தான் பாடாய்ப் படுத்தும். பாட்டிலுக்குள்ளே சுடுதண்ணீர் ஊற்றி, சூடு வெளியே தெரிந்ததும் மூலையிலிருந்து மெல்ல இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் தாள் கையோடு வந்துவிடும், பசை கண்ணாடியோடு தங்கிவிடும். “எங்க மாமியார் கோபம் மாதிரி. மேலாப்ல போயிடும், அடியில அப்படியே இருக்கும்” என்று அவளே சிரிப்பாள். தங்கிய பசைமேல் சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்து அப்பி, ஊறவிட்டுத் தேய்ப்பாள். பிறகு சோப்பு. பிறகு துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மேலிருந்து அடிவரை ஒரு தடவல். விரல் எங்கேயாவது தயங்கினால் போச்சு, மறுபடி டப்புக்குள். வழுக்கிக்கொண்டு போனால் மட்டும் “மொட்டை!” என்று அறிவித்து அலமாரியில் ஏற்றுவாள்.

கொஞ்சம் பசை இருந்தால்தான் என்ன, வைன் கெட்டா போகும்? கெடாது. ஆனால் போன வருஷம் நடந்தது அப்படி. முதன்முதலாகத் தான் போட்ட வைனை அக்கா வீட்டு விருந்துக்கு ஆசை ஆசையாக எடுத்துப் போனாள். அக்காவின் கணவர், ஊரையே கேலி பண்ணுகிற ஆள், பாட்டில் அடியில் ஒட்டியிருந்த தாள் துணுக்கைச் சுரண்டி எடுத்து எல்லோருக்கும் காட்டினார். “கடைச் சரக்கைக் கொண்டாந்துட்டு, கைப்பக்குவம்னு காதுல பூ சுத்துறியா கொழுந்தியா?” மேஜையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அதுதான் இவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வருஷம் அந்த அக்கா மகளுக்குக் கல்யாணம். “சித்தி, விருந்துல டேபிளுக்கு ஒரு பாட்டில், உங்க வைன்தான்” என்று கட்டிப்பிடித்துக் கேட்டுவிட்டது பெண். வரப்போகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்குச் சிரித்தவர்கள். “ஒரு துணுக்கு இருக்கக் கூடாதுங்க. இருந்தா நான் பொய்க்காரி” என்று கணவரிடம் சொன்னாள். சொல்லும்போதும் தேய்க்கிற கை நிற்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணவரே வந்து குளியலறை வாசலில் சாய்ந்து நின்றார். “என்னம்மா, கடையில ரெண்டு பெட்டி வாங்கினா முடிஞ்சுது. இதுக்குப் போய் இந்தப் பாடா?” என்று ஆரம்பித்தார்.

நர்ஸம்மா இன்னொரு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டாள். “உட்காருங்க அத்தான். உங்க வீட்டுக் கல்யாணம்தானே? ஒண்ணே ஒண்ணு உரிங்க.”

கௌரவம் விடுமா? சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார் அத்தான். இருப்பதிலேயே பொல்லாத ஸ்டிக்கராகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள் மகராசி. இழுத்தார், கிழிந்தது. சுரண்டினார், தேய்த்தார், நெற்றியெல்லாம் வியர்வை. வாயிலிருந்து ஒரு கேலிகூட வரவில்லை. கடைசியில் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பாத்துக்கோ! எப்படிப் பளபளன்னு இருக்கு!” என்றார்.

அவள் கையை நீட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தன் பாட்டிலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். அத்தான் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு தாமாகவே கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். அடிக்குச் சற்று மேலே விரல் நின்றது. பாட்டிலை மெதுவாக டப்புக்குள் இறக்கினார்.

நர்ஸம்மா நிமிர்ந்து பார்க்காமலே எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.