ஐந்தடி நான்கில் ஒரு ஸ்டாப்பர்

காலை ஐந்தரைக்கு இனிகோ திரேஸ்புரம் ஏலக்கூடத்து இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். கீழே மீன் கூடைகள் வந்து இறங்குகின்றன. கூடைக்காரப் பெண்கள் அவன் காலைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நூறு எண்ணி முடித்ததும் குதித்து, உள்ளங்கையில் ஒட்டிய துருவை டவுசரில் துடைத்துக்கொள்வான். இருபது வயதுக்கு மேல் ஆள் வளர மாட்டான் என்று யாரோ ஒரு டாக்டர் யூடியூபில் சொன்னதை அவனும் பார்த்திருக்கிறான். இருந்தாலும் தொங்குகிறான்.

மீன் எடுக்க வந்து நிற்கும் அவன் அம்மா எமில்டாவுக்கு இது தினப்படி எரிச்சல். "ஏலே, எத்தன வருஷம் தொங்குனாலும் ஒங்கப்பன் ஒசரந்தான் வரும். எறங்கி வந்து இந்தக் கூடையத் தூக்கி விடு."

அவன் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். விளையாட்டுப் படிவங்களில் மட்டும் ஐந்தடி ஆறு. கேட்டால், "பூட்சோட சேத்து எழுதுனேன்" என்பான், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். பி.காம். மூன்றாம் ஆண்டு. முதலாண்டு முதல் கல்லூரிக் கால்பந்து அணியில் ஸ்டாப்பர். கோல் வாசலுக்கு முன்னால் நடுவில் நின்று, வருகிறவனை மறிக்கிற வேலை. ஆறடி ஆள்கள் பார்க்கிற வேலை அது. அந்த இடத்தில் இவனைப் பார்த்ததும் எதிரணிக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். கால் மணி நேரத்தில் அடங்கிவிடும்.

தரையில் பந்து வந்தால் அவனைத் தாண்டுவது லேசில்லை. எவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது அந்த எவனுக்கே தெரிவதற்கு முன் இனிகோவுக்குத் தெரியும். ஆளைத் தொடாமல் பந்தை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடுவான். "மேல இருக்க வரைக்கும் அவன் பந்து. கீழ வந்துட்டா என் பந்து" என்பது அவன் அடிக்கடி சொல்வது. சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கும். சிக்கலும் அதில்தான் இருந்தது.

கடற்கரை மணலில் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு குணம் உண்டு. மணலில் விழுந்த பந்து எழும்பாது. அங்கே எம்பிக் குதிக்கவும் முடியாது, கால் புதையும். அதனால் உயரத்தில் வருகிற பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, விழட்டும் என்று நிற்பார்கள். ஏழு வயதிலிருந்து இனிகோ அப்படி நின்று பழகியவன்.

போன வருடம் பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்கு இடையிலான அரையிறுதி. எண்பது நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணி கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து நேராக இவனிடம் வந்தது. இவன் அண்ணாந்து பார்த்தான், விழட்டும் என்று நின்றான். மழையே காணாத கட்டாந்தரை. விழுந்த பந்து எழும்பி அவன் தலைக்கு மேல் போயிற்று. பின்னாலிருந்து ஓடிவந்தவன் அதைக் கோலுக்குள் தட்டிவிட்டான். ஐந்து நிமிடம் கழித்து ஒரு கார்னர், மைதான மூலையிலிருந்து தூக்கி உதைக்கிற பந்து. இனிகோவின் தோளுக்கு மேலாக எவனோ தலையால் முட்டினான். இரண்டாவது கோல். திரும்பி வந்த பஸ்ஸில் யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கல்லூரி மைதானத்தின் கெட்டித் தரையில் தனியாக நின்று, பந்தை மேலே எறிந்து எறிந்து குதித்தான். முழங்கால் இரண்டும் வீங்கின. எமில்டா உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஏசினாள். ஒரு வருடத்தில் குதிக்க வந்துவிட்டது. பாவம், உயரம்தான் வரவில்லை.

இந்த வருடம் விளாத்திகுளத்திலிருந்து பாண்டியராஜன் என்று ஒரு முதலாண்டுப் பையன் சேர்ந்தான். ஆறடி ஓர் அங்குலம். வாலிபால் ஆடி வளர்ந்தவன். உடற்கல்வி இயக்குநர் ஆறுமுகநயினார் இருவரையும் கோல் முன்னால் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் பத்து கார்னர் போடும்படி மற்றப் பையன்களிடம் சொன்னார். இனிகோ மூன்றைத் தலையால் வெளியே தள்ளினான். பாண்டியராஜன் எட்டைத் தள்ளினான். அதில் ஒன்றைப் பழக்க தோஷத்தில் கையாலேயே அடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆறுமுகநயினார் பொல்லாதவர் இல்லை. இனிகோவைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். "தம்பி, நீ நல்ல பிளேயர், அத நான் இல்லங்கல. ஆனா இப்ப எல்லா டீம்காரனும் தூக்கித் தூக்கித்தான் போடுதான். ஒன் தலைக்கு மேல போற பந்த நான் என்ன செய்ய?"

"சார், இதான் கடைசி வருஷம். ஏப்ரல் முடிஞ்சா மாமாகூட மாலத்தீவுக்குத் தோணியில போயிருவேன். அங்கன சரக்கு ஏத்தி எறக்கத்தான் நேரம் இருக்கும். பந்து கெடையாது."

அவர் விசில் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் பட்டியல் தொங்கியது. ஆடப்போகிற பதினோரு பேருக்குக் கீழே, மாற்று ஆட்டக்காரர்களில் முதல் பெயர் இனிகோ. அவன் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தான். தன் பெயருக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆனது அவனுக்கு வலித்தது.

பாண்டியராஜன் பின்னாலேயே வந்து நின்றான். "அண்ணே, ஒங்களையே எறக்கச் சொல்லி நான் வேணா சார்கிட்டச் சொல்லுதேன். எனக்கு ரூலே முழுசாத் தெரியாது."

"தெரியலன்னா பரவால்லலே. அந்த ஒசரத்தோட நீ அங்கன சும்மா நின்னாப் போதும்" என்றான் இனிகோ. "மூணு வருஷமா என்னால முடியாதது அது ஒண்ணுதான்."

முதல் ஆட்டத்தன்று காலையில் அணிப் படம் எடுக்க ஆள் வந்தார். படத்தில் கோல்கீப்பரும் ஸ்டாப்பர்களும் பின்வரிசையில் நிற்பதும், கட்டையானவர்கள் முன்வரிசையில் முழங்காலிட்டு உட்கார்வதும் வழக்கம். முந்தைய இரண்டு வருடப் படங்களிலும் இனிகோ பின்வரிசையில்தான் இருக்கிறான், கோல்கீப்பரின் தோள் அளவுக்கு. முன்வரிசைக்காரர்கள் மறைத்துவிட்டதால், இரண்டிலும் அவன் குதிகால் தரையில் இல்லை என்பது படம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இந்த முறை போட்டோக்காரர் கேமராவைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். உயரமானவர்கள் யார், கட்டையானவர்கள் யார் என்று அவர் இன்னும் பார்க்கவே தொடங்கவில்லை. அதற்குள் இனிகோ முன்னால் போய், ஓரத்து இடமாகப் பார்த்து, ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி உட்கார்ந்துகொண்டான்.